அவள் எந்தக் காலில் நிற்கிறாள்

1

இன்று எங்கள் கல்யாண நாள். நான் அர்ஜென்டினாவில், புவெனஸ் அயர்ஸ் நகரத்து வீட்டின் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் மனைவி வசந்தி தாம்பரத்தை அடுத்த சேலையூரில், அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை என்றால் சமாதானம் பண்ணிவிடலாம். இது வேறு மாதிரி. அவள் என்னிடம் திரும்பி வருவாளா, மாட்டாளா என்பதுதான் போன வருஷம் முழுக்க என்னைத் தூங்கவிடாத கேள்வி.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பிராணி. பால் வாங்கினால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பேன், பார்த்த பிறகு முகர்ந்தும் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் படி இறங்கி, மறுபடி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சந்தேகப்பட்டதால்தான் இவ்வளவு தூரம் வந்து ஏமாறாமல் பிழைத்தேன் என்று நம்புகிறவன்.

அந்தச் சந்தேகம் கடைசியில் போய் நின்ற இடம் புவெனஸ் அயர்ஸ் இல்லை. மேடவாக்கமும் நாவலூரும். அதனால் அந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகவே படிக்கலாம். எல்லாம் உங்கள் பகுதியில் நடந்ததுதான்.

2

கம்பெனி அனுப்பித்தான் இங்கே வந்தேன். ஒரு வருஷம் என்றார்கள், அது வளர்ந்துகொண்டே போயிற்று. குடியேற்ற அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். அப்படி ஒன்று இல்லை என்றால் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாதாம். என் அப்பா தணிகாசலத்தின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராயிற்று. வசந்திக்கு என் பெயர், குணசேகரன். அன்றிலிருந்து இந்த ஊரே என்னை என் அப்பா பெயரால் கூப்பிடுகிறது, அவளை என் பெயரால் கூப்பிடுகிறது. வசந்தி என்று அவளைக் கூப்பிட என்னைத் தவிர ஆள் இல்லை. நானும் வீட்டில் ‘இந்தா’ என்றுதான் கூப்பிடுவேன்.

மகள் கயல் இங்கே வளர்ந்தவள். இந்த ஊரில் அப்பாவுக்குப் பாப்பா என்று பெயர். அவள் பள்ளிக்கூட வாசலில் நின்று “பாப்பா” என்று என்னைக் கத்திக் கூப்பிட்ட அன்று எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இப்போது படிப்பு முடித்து வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணுவாள். பாதி தமிழ், பாதி ஸ்பானிஷ், மீதி மௌனம்.

கயல் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. அப்போதுதான் எங்கள் பேட்டை கிளப் வாசலில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸை வசந்தி பார்த்தாள். ஞாயிறு மதியம் மிலோங்கா வகுப்பு.

டாங்கோ நடனம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது முறைப்பும் விறைப்புமாக, நடுநடுவே நின்று மூச்சு வாங்கும். மிலோங்கா அதற்குத் துடுக்கான தங்கை. வேகமான தாளம், சின்னச் சின்ன அடி, நிற்கவே நிற்காது. ஆணும் பெண்ணும் நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து, ஒருவர் முன்னால் நடக்க, மற்றவர் பின்னால் நடக்க, கூடத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும்.

“சும்மா போய்ப் பாத்துட்டு வரலாங்க” என்றாள் வசந்தி. கண்டவனும் கட்டிப்பிடித்து ஆடுகிற இடத்துக்கு அவளைத் தனியாக அனுப்ப நான் என்ன மடையனா? நானும் சேர்ந்தேன். கற்றுக்கொள்ள இல்லை, காவலுக்கு.

வாத்தியார் ஒஸ்கர். வாரநாளில் பல் வைத்தியர், ஞாயிறு மதியம் நடனம். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். எனக்கு அவர்மேலும் சந்தேகம்தான். ஆனால் முதல் வகுப்பில் மானம் போனது எங்களுக்கு. எல்லோரும் சுற்றத் தொடங்கினார்கள். நானும் வசந்தியும் பழக்கதோஷத்தில் வலமாகச் சுற்றினோம். பிராகாரத்தில் நடந்து பழகிய கால் வேறு எப்படிப் போகும்? ஊரே எதிர்த்திசையில் வருகிறது. மூன்று ஜோடிகள் எங்கள்மேல் வரிசையாக வந்து மோதின. இங்கே இடமாகத்தான் சுற்ற வேண்டுமாம். சாவு வீட்டில் அல்லவா அப்படிச் சுற்றுவோம் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வசந்தி மட்டும் உடனே திரும்பிக்கொண்டாள்.

அணைப்புக்கு வந்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க நாங்கள் தோளில் கை போட்டதில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒஸ்கர் வந்து என் வலது கையைத் தட்டினார்.

“தளர்த்து. அவள் ஓடிப்போக மாட்டாள்.”

“இவருக்கு எப்படித் தெரியும்?” என்று வசந்தியிடம் தமிழில் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் அதிர்ந்தது. அவள் அவ்வளவு பக்கத்தில் இருந்து சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

இந்த ஆட்டத்தில் கை வேலை எதுவும் கிடையாது. நடத்துகிறவன் நெஞ்சை நகர்த்தினால் எதிரில் இருப்பவள் நகர வேண்டும். முழங்கால் தளர்வாக, அடி உடம்புக்கு நேர் கீழே, பாதம் தரையை விட்டு அதிகம் எழும்பாமல். இதெல்லாம் ஒருவழியாக வந்துவிடும். வராதது ஒன்றே ஒன்று. நடத்துகிறவனுக்கு, எதிரில் இருப்பவள் எந்தக் காலில் நிற்கிறாள் என்பது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். எடை இருக்கிற காலை நகரச் சொன்னால் அவளால் நகர முடியாது.

ஒஸ்கர் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார். “இப்போது அவள் எந்தக் காலில் நிற்கிறாள்?”

நான் குனிந்து பார்ப்பேன்.

“குனியாதே. பார்க்காமல் சொல்.”

நான் எதைச் சொன்னாலும் தப்பாக இருக்கும். வசந்தி மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

என் வியாதி என்னவென்று ஒஸ்கர் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார். நான் ஓர் அடி காட்டுவேன். அவள் போனாளா என்று பார்ப்பேன். போனது உறுதியானதும் என் காலை எடுப்பேன். அதற்குள் தாளம் இரண்டு அடி தாண்டியிருக்கும். டாங்கோவிலாவது சமாளிக்கலாம், மிலோங்காவில் சரிபார்க்க நேரம் இல்லை. “நீ ஒவ்வொரு அடிக்கும் ரசீது கேட்கிறாய்” என்றார். பிறகு திராஸ்பியே என்ற ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு காலைப் பாதி எடையோடு வைத்து, வைத்த வேகத்தில் எடுத்து, அதே தாளத்துக்குள் மறுபடி வைப்பது. ஈரமான பாத்ரூம் தரையில் காலை வைத்தவன் வெடுக்கென்று எடுத்து வைக்கிற மாதிரி. அது எனக்கு வரவே இல்லை. காலை வைத்துவிட்டால் நான் எடுக்க மாட்டேன்.

மாதம் ஒருமுறை கிளப்பில் பெரிய ஆட்டம். வெளியூர் ஆட்களெல்லாம் வருவார்கள். வசந்தியை ஒருத்தன்கூட ஆடக் கூப்பிடவில்லை. மாதாமாதம் இதே கதை. நம் நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று வீட்டுக்கு வந்து திட்டித் தீர்த்தேன். பிறகு ஒருநாள் ஒஸ்கர்தான் சொன்னார். ஜோடியாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண்ணை வேறு யாரும் கூப்பிடக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். வேண்டுமென்றால் தள்ளித் தள்ளி உட்கார வேண்டும்.

விஷயம் தெரிந்த பிறகு நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டேன்.

3

வசந்தியின் அப்பா சேலையூர் வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை. வசந்தி கிளம்பினாள். “அவர் எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் வந்துடறேன்” என்றாள். அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். இவள் வரவில்லை. தினமும் போனில் பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மட்டும் கிடைக்க மாட்டாள். மேடவாக்கத்தில் ட்ராஃபிக் என்பாள், சிக்னல் இல்லை என்பாள். இடுப்பு உடைந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போனவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்தில் என்ன ஜோலி?

நடுவில் இந்த நாட்டில் தங்குவதற்கான அட்டை விஷயமாக அவள் ஒருமுறை இங்கே வந்தே ஆக வேண்டியிருந்தது. ரொம்ப நாள் வெளியே இருந்தால் ரத்து செய்துவிடுவார்கள். குடியேற்ற அலுவலகத்தில் ஓர் அம்மாள், திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “திருமதி குணசேகரன், நீங்கள் இந்த நாட்டில்தான் வசிக்கிறீர்களா?”

சாதாரணக் கேள்வி. எல்லோரிடமும் கேட்பதுதான். வசந்தி உடனே பதில் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் “ஆமாம்” என்றாள். அந்த அம்மாள் முத்திரை குத்திவிட்டாள். நான் மட்டும் அந்த ‘ஆமாம்’ வர எத்தனை நொடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு வகுப்புக்குப் போனோம். அணைத்துக்கொள்ளும்போது வசந்தி இடது கையை உயர்த்தினாள். அது நடத்துகிறவன் கை, என் வேலை. உடனே சுதாரித்துக் கையை மாற்றிக்கொண்டாள். பாட்டு தொடங்கியதும் அவள் இடது காலை முன்னால் வைத்தாள், நானும் முன்னால் வைத்தேன், முழங்கால் முட்டிக்கொண்டது. மறந்துவிட்டாள் போல என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் என் நினைப்பு பொய்யாயிற்று.

அவள் ஆடினாள். நான் நெஞ்சை அசைக்கிறேனோ இல்லையோ, அவள் கால் அங்கே இருந்தது. என்னுடைய நொண்டித் திராஸ்பியேவுக்குக்கூட அவள் கால் பட்டென்று பாதி வைத்து எடுத்து வைத்தது. எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போவதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எனக்குக் காட்டினாள். ஒஸ்கர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இதை நான் சொல்லித்தரவில்லை. ஒஸ்கர் சொல்லித்தரவில்லை. அப்படியானால் யார்?

“யார்கிட்ட கத்துக்கிட்ட?” என்று பஸ்ஸில் கேட்டேன்.

“யார்கிட்ட கத்துக்கறது? அப்பாவோட பிசியோதெரபிதான் கத்துக்கிட்டேன்” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் திரும்பக் கிளம்புவதற்கு முந்தைய நாள், அவள் கடைக்குப் போயிருந்தபோது, பெட்டியின் எடையைப் பார்ப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு திறந்தேன். அடியில் ஒரு பட்டுப்புடவைக்குள் சுற்றி ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே கறுப்புத் தோல் ஷூ. புதுசு. நடனத்துக்கென்றே செய்த ஆம்பளை ஷூ. தட்டைக் குதிகால், அடியில் மெல்லிய தோல், கயிறு கட்டுவது. சைஸ் சின்னது.

அந்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்துவிட்டேன். தாம்பரத்தில் எவனோ ஒருத்தன் இருக்கிறான். ஆடத் தெரிந்தவன். சின்னக் கால்காரன். என் மனைவி அவனுக்கு இங்கிருந்து ஷூ வாங்கிக்கொண்டு போகிறாள். பொங்கி வந்தது. கத்தவும் முடியவில்லை. கேட்டால் ஒருவேளை சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. புடவையை மடித்து, இருந்த மாதிரியே வைத்துவிட்டேன்.

அவள் போன பிறகு கயலிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அவள் முழுசாகக் கேட்கவில்லை.

“பாப்பா, நீங்க அம்மாவ எப்பவும் கொன்த்ரோலார் பண்றீங்க.”

“அது என்னடி வார்த்தை?”

“தமிழ்ல என்னன்னு தெரியல. ஆனா நீங்க அதான் பண்றீங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

4

யாருக்கும் சொல்லாமல் லீவ் போட்டுக் கிளம்பினேன். சென்னையில் இறங்கி நேராக மேடவாக்கத்துக்கு, வசந்தியின் தம்பி முரளி வீட்டுக்குப் போனேன். முரளி குடும்பம் அந்த ஊர்ப் பழைய குடும்பம். ஏரிப் பாசனம் இருந்தவரை பயிர் வைத்தார்கள், இப்போது அதே நிலத்தில் போர் போட்டு அப்பார்ட்மெண்டுகளுக்கு லாரியில் தண்ணீர் விற்கிறான். வசந்தியின் அப்பா மட்டும் வேலை பார்த்த காலத்தில் சேலையூரில் வீடு கட்டிக்கொண்டு போனவர், அங்கேயே தங்கிவிட்டார்.

“இன்னா மாமா, திடுதிப்னு வந்து நிக்கற? அக்காக்குத் தெரியுமா?”

“அக்காகிட்ட மூச்சு விடாத. ஒரு சர்ப்ரைஸ்.”

“சர்ப்ரைஸ்க்கு ஏன் மாமா மூஞ்சி இப்பிடிக் கீது?”

விஷயத்தைச் சொன்னேன். ஷூவைக்கூட விடாமல் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தான். “ஞாயித்துக்கெயமையானா அக்கா எங்கயோ போவுது, அது நெசம். கேட்டா வேல கீதுன்னு சொல்லும். நீ பேஜார் ஆவாத. ஞாயித்துக்கெயம நானே உன்ன இட்டுகினு போறேன்.”

ஞாயிறு வரை நான் சும்மா இருக்கவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு வெளியே சுற்றினேன். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில், மேடவாக்கம் கூட்டு ரோட்டில், எங்கே நின்றாலும் ஆண்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு, சாண்டல், கான்வாஸ். நம் ஊரில் இத்தனை பேருக்குச் சின்னக் கால் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. மெடிக்கல் ஷாப்காரர் ஒருத்தர் மேல் ஒரு நாள் முழுக்கச் சந்தேகமாக இருந்தது. கடைசியில் அவர் விந்தி விந்தி நடந்தார், விட்டுவிட்டேன்.

ஞாயிறு மதியம் முரளி வாசலில் ஹாரன் அடித்தான். பார்த்தால் தண்ணி லாரி.

“கார் சர்வீஸ்ல கீது மாமா. ஏறு.”

நீல நிற டாங்கர் லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து என் மனைவி ஏறிய பஸ்ஸைத் துரத்தினேன். பின்னால் தண்ணீர் தளும்பும் சத்தம். பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர், அங்கே இறங்கி இன்னொரு பஸ், பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே. நாவலூரில் இறங்கினாள். தோளில் ஒரு பை. பெரிய அப்பார்ட்மெண்ட் ஒன்றின் கேட்டுக்குள் போனாள். செக்யூரிட்டி அவளுக்கு சல்யூட் அடித்தான். அடிக்கடி வந்தால்தானே சல்யூட்.

“உள்ள எப்படிடா போறது? பிளாட் நம்பர் கேட்பானே.”

“தண்ணி லாரிய எவன் மாமா கேப்பான்?”

கேட்கவில்லை. கேட்டை அகலமாகத் திறந்துவிட்டான்.

5

கிளப் ஹவுஸ் என்று எழுதியிருந்த கட்டிடத்தின், லேசாகத் திறந்திருந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். முரளி என் பின்னால் நின்றான். உள்ளே ஏசி. ஒரு ஸ்பீக்கரில் மிலோங்கா ஓடிக்கொண்டிருந்தது. ஒஸ்கர் வகுப்பில் தேய்ந்த அதே தாளம், நாவலூரில்.

முதலில் ஆண்களின் கால்களைத்தான் தேடினேன். ஆண்களே இரண்டு பேர்தான். ஒருவன் வெறும் சாக்ஸ், இன்னொருவன் படகு மாதிரி ஷூ. மற்றவர்கள் எல்லாம் பெண்கள். சுடிதார், ஜீன்ஸ், ஐடி கம்பெனி கார்டைக்கூடக் கழற்றாத ஒருத்தி. அப்புறம்தான் அந்தக் கறுப்பு ஷூவைப் பார்த்தேன். அது வசந்தியின் காலில் இருந்தது.

அவள் இடது கையை உயர்த்தி, வலது கையால் ஒரு பெண்ணின் முதுகை அணைத்து, அவளை நடத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நடந்தாள். வசந்தி நெஞ்சைத் துளி திருப்பினால் அவள் திரும்பினாள். திராஸ்பியே போட்டால் அவள் காலும் கூடவே பாதி வைத்து எடுத்தது. எந்த இடத்திலும் வசந்தி சரிபார்க்கவில்லை. புதிதாக வந்த ஒரு ஜோடி தப்பான திசையில் வந்தது. வசந்தி நிற்காமலே சொன்னாள். “கோயில் சுத்தற மாதிரி வேணாம்மா. அந்தப் பக்கம்.”

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த வசந்தியின் முகத்தை எனக்குத் தெரியும். இந்த முகம் அது இல்லை. எவனாவது ஒருத்தன் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இதோடு எப்படிச் சண்டை போடுவது?

பாட்டு முடிந்ததும், வசந்தியோடு ஆடிய அந்தப் பெண் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டாள். அவள் பெயர் ரேவதி, கம்பெனி வேலையாக ஐரோப்பா போனபோது கற்றுக்கொண்டு வந்து அந்த வகுப்பை ஆரம்பித்தவள் என்று பிறகு தெரிந்தது. “வசந்திக்கா, யாரோ வெளிய நிக்கறாங்க.”

“யாரோ இல்லம்மா. என் ஹஸ்பண்ட். வந்ததுலேர்ந்து என்னத் தேடிட்டிருக்கார்” என்றாள் வசந்தி. குரலில் கோபமே இல்லை.

நான் முரளியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான். “நான் இன்னா பண்ணட்டும் மாமா. நீ வந்து எறங்குன அன்னிக்கே சொல்ட்டேன். அக்காதான், ஞாயித்துக்கெயம கூட்டினு வான்னு சொல்லிச்சு.”

வசந்தி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். நாங்கள் அங்கே வெயிலில் நின்றோம்.

“ஷூவப் பாத்துட்டீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க புடவைய மடிச்சு வெச்ச லட்சணம் அப்படி.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க ஏன் கேக்கல?”

அவளே தொடர்ந்தாள். “வேற ஆம்பளையோட ஆடினா உங்களுக்குத் தூக்கம் வராது. ஆடாம இருந்தா எனக்குத் தூக்கம் வரல. இங்க ஆம்பளைங்க வர்றதும் கம்மி. அதான் ஆம்பளை அடியையே கத்துக்கிட்டேன். ஹீல்ஸ் போட்டுக்கிட்டு நடத்த முடியல, அதுக்குத்தான் அந்த ஷூ.” கொஞ்சம் நிறுத்தி, “உள்ள வாங்க. ஒரு பாட்டு ஆடலாம்” என்றாள்.

நான் வழக்கம்போல் இடது கையை உயர்த்தினேன். அவள் அதை இறக்கி, தன் தோளில் வைத்துக்கொண்டாள். “இன்னிக்கு நான்” என்றாள்.

பின்னால் நடப்பது என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வலது கால் பின்னால் போக வேண்டும், போகிற இடம் கண்ணுக்குத் தெரியாது, அவள் சொல்லாமல் எடையை மாற்றக் கூடாது, முந்திக்கொள்ளவும் கூடாது. நான் இரண்டு அடிக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன்.

“சுவர் இல்ல. நான் பாத்துக்கறேன்.”

“நாற்காலி இருக்கு.”

“அதையும் பாத்துட்டுதான் இருக்கேன்.”

பாதிப் பாட்டுக்கு மேல் களைத்துப்போய்த் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நம்பிக்கை என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். கழுத்து வலித்தது. ஆனால் விட்ட பிறகு கால் தானாகப் போயிற்று. ஓர் இடத்தில் திராஸ்பியேகூட வந்தது. எத்தனை வருஷம் இவள் என் எதிரில் இப்படித் தெரியாத இடத்துக்குக் கால் வைத்து நடந்தாள் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஆடிக்கொண்டே கேட்டேன். “எப்போ வர?”

அவள் பாட்டு முடியும்வரை என்னை நடத்தினாள். முடிந்ததும் கையை எடுக்காமலே சொன்னாள்.

“நான் வரலைங்க.”

“அப்பாவுக்காகவா?”

“அப்பா இப்ப வாக்கர் இல்லாம கடைக்குப் போறார். எனக்காக. அங்க நான் உங்க பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ்ளோதான். இங்க எனக்கு வேல இருக்கு, என் பேரச் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கு. நீங்க வேணும்னா இங்க வாங்க. எனக்கு ஆசைதான். ஆனா காவல் காக்க வராதீங்க.”

முரளி டாங்கரைத் திறந்து அந்த அப்பார்ட்மெண்ட் தொட்டியில் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தான். வந்ததற்கு ஒரு வியாபாரமும் முடித்துக்கொண்டான்.

6

லீவ் முடிந்து தனியாகத் திரும்பினேன். காலையில் பூட்டை இழுத்துப் பார்ப்பேன், சுரங்க ரயில் ஏறுவேன், ஆபீஸ் போவேன், வருவேன். சமைத்ததை முகர்ந்து பார்த்துச் சாப்பிடுவேன். ஞாயிறு மதியம் ஒஸ்கரிடம் போனேன். பெண் அடி கற்றுக்கொடுக்கச் சொன்னேன். இங்கே அது ஒன்றும் புதிதில்லை, ஆணும் ஆணும் ஆடிப் பழகுவார்கள். இருந்தாலும் அவர் என் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏன்?”

“எங்கள் வீட்டில் இப்போது அவள்தான் நடத்துகிறாள்.”

அவர் இடது கையை உயர்த்தினார். வாராவாரம் அந்தப் பல் வைத்தியரின் அணைப்பில் பின்னால் நடக்கிறேன். இன்னும் கழுத்து திரும்பத்தான் செய்கிறது. ஆனால் நான் எந்தக் காலில் நிற்கிறேன் என்பதை அவர் பார்க்காமல் சொல்லிவிடுகிறார். அது எப்படி என்று கேட்டேன். “நீ மறைக்கவில்லையே” என்றார்.

போன மாதம் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கயலிடம் சொன்னேன். அவள், “அம்மாவுக்குத் தெரியுமா பாப்பா?” என்று முழுத் தமிழில் கேட்டாள். கல்யாண நாள் அன்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இன்று காலை எழுந்ததும் பல்கூட விளக்காமல் வசந்தியைக் கூப்பிட்டேன். அங்கே சாயந்திரம். அப்பாவுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

“வசந்தி, நான் அங்கயே வந்துடறேன்” என்றேன்.

பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. “லீவா?”

“லீவ் இல்ல. மொத்தமா.”

“ஆபீஸ்ல?”

“எழுதிக் குடுத்தாச்சு.”

“யாராவது ஏதாவது சொன்னாங்களா? முரளி போன் பண்ணானா?”

“யாரும் சொல்லல.”

“ஒடம்புக்கு ஏதாவதா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“டிக்கெட் எடுத்துட்டீங்களா?”

“எடுத்துட்டேன்.”

“ரிட்டர்னா, ஒன் வேயா?”

“ஒன் வே.”

அவள் நம்பவில்லை. இத்தனை வருஷத்தில் என்னிடமிருந்து அவள் கற்றுக்கொண்டது இந்தச் சந்தேகம் ஒன்றைத்தானே. “போட்டோ எடுத்து அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை. டீ போட்டுக் குடித்தேன். இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தேன். எழுதி இந்த இடத்துக்கு வரும்வரை ஒன்றும் வரவில்லை, நானும் போனை நாற்பது தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். தேதியைப் பார்க்கிறாளா, டிக்கெட் நிஜமா என்று முரளியிடம் காட்டிக் கேட்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை.

இப்போதுதான் வந்தது.

“நீங்க எறங்கறது ஞாயித்துக்கிழமை. எனக்கு கிளாஸ் இருக்கு, ஏர்போர்ட்டுக்கு வர முடியாது. பெட்டிய முரளிகிட்ட குடுத்துட்டு நேரா நாவலூர் வந்துடுங்க.”